கருவிக்குக் கட்டளை அனுப்ப எந்த வடிவம் நல்லது: எழுத்து வரியா, மோட்பஸ்ஸா, சொந்த பைனரியா?

ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் வெப்ப உணரி, ஹீட்டர், ஸ்டெப்பர் மோட்டார் மூன்றையும் இணைத்தாகிவிட்டது. தனியாக ஓடவும் செய்கிறது. இனி கணினியில் இருக்கும் மென்பொருள் அதோடு பேச வேண்டும். வெப்பநிலை எவ்வளவு என்று கேட்க வேண்டும், ஹீட்டரை 60 டிகிரிக்கு வைக்கச் சொல்ல வேண்டும், மோட்டாரை நகர்த்த வேண்டும். கேபிளில் போகப்போவது எப்படியும் பைட்டுகள்தான். அந்த பைட்டுகளை எப்படி அடுக்குவது என்பதைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும். படிக்கக்கூடிய எழுத்து வரியாக அனுப்பலாம், தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் என்ற தயார் வடிவத்தை எடுக்கலாம், அல்லது எண்களை எழுத்தாக்காமல் நேரடி பைட்டுகளாக அனுப்பும் சொந்த பைனரி வடிவத்தை உருவாக்கலாம்.

இந்த முடிவை அவசரமாக எடுத்துவிட்டு அப்புறம் வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுபவர்கள் ஏராளம். ஃபர்ம்வேரை, அதாவது போர்டுக்குள் ஓடும் நிரலை, தனியாக மாற்றலாம், கணினி மென்பொருளைத் தனியாக மாற்றலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பேச்சு வடிவத்தை மாற்றினால் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாறியாக வேண்டும். கருவி பல பேர் கைக்குப் போன பிறகு அது நடக்கிற காரியம் இல்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு வலுவான காரணம் இல்லாதவரை, ஒரு வரிக்கு ஒரு கட்டளை, ஒரு வரியில் ஒரு பதில் என்ற எழுத்து வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை விட்டு விலகத் தக்க காரணங்கள் சில உண்டு. அவை உங்கள் விஷயத்தில் இருந்தால் தயங்காமல் விலகுங்கள். அந்தக் காரணங்கள் எவை, எவை காரணம் போலத் தோன்றினாலும் காரணம் ஆகாதவை என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

எழுத்து வரி

கணினியைத் தொலைபேசி இணைப்பில் பேசவைக்க 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம்தான் இந்த முறையை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஏ, டி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் வரி கட்டளை. மோடம் "ஓகே" என்றோ "எரர்" என்றோ பதில் சொல்லும். தரவும் கட்டளையும் ஒரே கம்பியில் போனதால், தரவு நடுவே கட்டளைக்குத் திரும்ப ஒரு வழி வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் ஒரு வினாடி மௌனம், நடுவே மூன்று கூட்டல் குறி. கருவியை மொபைல் வலையோடு இணைக்கும் இன்றைய 4ஜி மாட்யூலிலும் அதே ஏ.டி. கட்டளைகள் உயிரோடு இருக்கின்றன, மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜி.பி.பி. அமைப்பு 27.007 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் அவற்றைத் தரப்படுத்தி வைத்திருக்கிறது. சிக்னல் வலிமையைக் கேட்கும் சி.எஸ்.க்யூ. கட்டளைக்கு "17,99" என்று பதில் வந்தால், 17 என்பது மைனஸ் 79 டி.பி.எம்.; 99 என்பது பிழை விகிதம் தெரியவில்லை என்று பொருள். நாற்பது வருடம் கழித்தும் ஒருவர் டெர்மினலை (கட்டளையைத் தட்டிப் பதிலைப் பார்க்கும் சாளரம்) திறந்து கையாலேயே தட்டி மாட்யூல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முடிகிறது. இந்த வசதிக்கு விலையே கிடையாது.

ஆய்வகக் கருவிகளில் இதே இடத்தைப் பிடித்தது 1990-இல் வந்த எஸ்.சி.பி.ஐ. என்ற கட்டளைத் தரநிலை; பேச்சில் "ஸ்கிப்பி" என்பார்கள். வோல்ட்மீட்டரை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் நேர்மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லும் கட்டளை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 3டி பிரின்டர்களும், கணினி ஓட்டும் வெட்டு இயந்திரங்களான சி.என்.சி. இயந்திரங்களும் நகர்வுகளைச் சொல்லும் ஜி-கோட் வரிகளை வாங்கிக்கொண்டு "ஓகே" என்கின்றன. மூன்றும் வேறு வேறு உலகங்கள். ஆனால் மூன்றிலும் வென்றது வரி வடிவம்தான்.

காரணம் எளிது. பிழை தேடும்போது கேபிளில் என்ன போகிறது என்பதை அப்படியே படிக்க முடிகிறது. பதிவுக் கோப்பைத் திறந்தால் எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வந்தது என்று புரிகிறது. புதிய கட்டளை ஒன்றைச் சேர்த்தால் பழைய மென்பொருள் உடைவதில்லை. எந்த நிரல்மொழியில் எழுதுபவரும் பத்து வரியில் தொடங்கிவிடலாம்.

எஸ்.சி.பி.ஐ.-யிடம் கட்டாயம் கடன் வாங்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஐ.டி.என். கேள்வி. "நீ யார்" என்று கேட்டால் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு நான்கும் ஒரே வரியில் வந்துவிடும். உங்கள் கருவியில் எழுதப்படும் முதல் கட்டளை இதுவாகவே இருக்கட்டும். பிறகு ஃபர்ம்வேர் மாறும்போது, மென்பொருள் எதிரில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொண்டு பேச வேறு நல்ல வழி இல்லை. இரண்டாவது, பிழை வரிசை. தவறான கட்டளை போனால் மைனஸ் 113, தலைப்பு (கட்டளைப் பெயர்) தெரியவில்லை. மதிப்பு எல்லை தாண்டினால் மைனஸ் 222, தரவு வரம்புக்கு வெளியே. எண்ணும் இருக்கிறது, விளக்கமும் இருக்கிறது. எண் நிரலுக்கு, விளக்கம் மனிதருக்கு. ஏ.டி. கட்டளைகளில் வெறும் "எரர்" மட்டும் வரும் மாட்யூலோடு ஒரு மாலைப்பொழுதைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கேயும் சி.எம்.இ.இ. என்ற கட்டளை கொடுத்தால்தான் பிழை எண் வரத் தொடங்குகிறது.

எழுத்து வடிவத்தின் குறைகளும் நிஜமானவை. மேலோட்டமாக "மெதுவானது" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. உண்மையில் கடிக்கும் இடங்கள் வேறு.

வரி எங்கே முடிகிறது என்பதிலேயே தொடங்குகிறது தொல்லை. சிலர் 10 என்ற பைட்டால் முடிப்பார்கள், சிலர் 13, சிலர் 13-உம் 10-உம் சேர்த்து. பெறும் பக்கம் எது வந்தாலும் வரி முடிந்ததாக எடுத்துக்கொண்டு, காலி வரியைப் பேசாமல் விட்டுவிட வேண்டும். அனுப்பும் பக்கம் ஒன்றையே எப்போதும் அனுப்ப வேண்டும். அடுத்தது தசமப் புள்ளி. கணினியின் மொழி அமைப்பு ஜெர்மன் ஆக இருந்தால் சில நிரல்கள் 42.5 என்பதை "42,5" என்று எழுதிவிடும். கருவி அதை 42 என்று படித்துவிட்டு அமைதியாக இருக்கும். பிழைச் செய்தியே இல்லாத பிழை இது. எண்ணை எழுத்தாக மாற்றும் இடத்தில் மொழி அமைப்பைச் சாராத முறையை வலிந்து பயன்படுத்த வேண்டும். கருவிப் பக்கத்தில், எண்ணுக்குப் பிறகு எதிர்பாராத எழுத்து ஏதாவது மிஞ்சினால் மொத்த வரியையும் நிராகரிக்க வேண்டும்.

இதைவிடப் பெரியது, கேட்காமலே வரும் வரிகள். சிக்னல் வலிமையைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து அழைப்பு வருகிறது. மாட்யூல் "ரிங்" என்கிறது. அடுத்த வரியில் உங்கள் பதில். "அடுத்து வரும் வரிதான் என் பதில்" என்று எழுதப்பட்ட நிரல் அந்த இடத்தில் உடையும், அதுவும் எப்போதாவது ஒருமுறைதான் உடையும். சோதனையில் அகப்படாது. ஏ.டி. உலகம் இந்தச் சுமையை வரலாற்றிலிருந்து சுமந்துவருகிறது. புதிதாக வடிவமைக்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேட்டால் மட்டும் பேசும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் பேசியே ஆக வேண்டும் என்றால், அப்படிப்பட்ட வரி எல்லாம் ஆச்சரியக்குறி போன்ற ஒரு தனி எழுத்தில் தொடங்கட்டும். மென்பொருள் முதல் எழுத்தைப் பார்த்தே பிரித்துவிடும்.

இன்னொன்று, லினக்ஸில் வேலை செய்பவர்கள் பார்த்திருக்கக் கூடியது. கருவியைச் செருகியதும் யாரோ அதனுடன் பேசிவிட்டது போல, அது தெரியாத கட்டளை வந்ததாகப் புகார் செய்யும். அந்த யாரோ மோடம்மேனேஜர் என்ற பின்னணி நிரல். புதிய சீரியல் போர்ட் (பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தும் இணைப்பு) தெரிந்தால் மோடமாக இருக்குமோ என்று ஏ.டி. கட்டளை அனுப்பிப் பார்ப்பது அதன் வழக்கம். இப்போதைய பதிப்புகள் முன்னைவிடக் கட்டுப்பாடாக நடந்துகொள்கின்றன. ஆர்டுயினோ உனோ போன்ற போர்டுகளில் போர்ட்டைத் திறப்பதே ரீசெட் ஆகிவிடும். போர்டின் தொடக்க நிரலான பூட்லோடர் முடியும்வரை அனுப்பியதெல்லாம் வீண். அதனால் போர்ட்டைத் திறந்ததும் நேராக வேலையைத் தொடங்காமல், ஒழுங்கான பதில் வரும்வரை "நீ யார்" என்று இடைவெளி விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதே பாதுகாப்பு.

வேகம் என்ற காரணம்

பைனரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் வேகம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

115200 பாட் ரேட்டில் (வினாடிக்கு இத்தனை பிட் போகும் வேகத்தில்), ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் 10 பிட் ஆகும். ஆக வினாடிக்கு 11,520 பைட். வெப்பநிலையை எழுத்தில் அனுப்பினால் வரி முடிவோடு சேர்த்து எட்டு பைட் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பத்து முறை அனுப்பினாலும் 80 பைட்தான். கேபிள் தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே பைனரிக்கு ஒரு நியாயமும் இல்லை.

மூன்று அச்சு முடுக்கமானியை வினாடிக்கு 1,000 முறை படித்து அனுப்ப வேண்டும் என்றால் கதை மாறுகிறது. மூன்று எண்கள், நடுவே காற்புள்ளிகள், மைனஸ் குறிகள் என்று ஒரு வரி 16 பைட் ஆனால்கூட வினாடிக்கு 16,000 பைட். கேபிளில் போகாது. அதையே பைனரியில் அனுப்பினால், அச்சுக்கு 2 பைட் வீதம் 6, சரிபார்ப்புக்கு 2, எல்லை குறிக்க 2. மொத்தம் 10 பைட், வினாடிக்கு 10,000. உள்ளே அடங்கிவிடுகிறது, இடம் அதிகம் மிச்சமில்லாவிட்டாலும். இப்படிப்பட்ட இடத்தில் பைனரி வேண்டும். அல்லது பாட் ரேட்டைக் கூட்டலாம், போர்டிலேயே யூ.எஸ்.பி. இருந்தால் பாட் ரேட் என்ற எண்ணுக்கே அங்கே பொருள் இல்லாமல் போய்விடும், கேபிளும் பல மடங்கு வேகமானது.

ஆனால் வேகம் போதவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்குச் சிக்கல் பைட் எண்ணிக்கையில் இல்லை. கேள்வி போய்ப் பதில் வரும் நேரத்தில் இருக்கிறது. எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் யூ.எஸ்.பி.-சீரியல் சில்லுகளில், சிறிய பதிலை உடனே கணினிக்கு அனுப்பாமல் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் ஒரு அமைப்பு உண்டு. அதன் வழக்கமான அளவு 16 மில்லிவினாடி. ஒரு கேள்வி, ஒரு பதில் என்று போனால் வினாடிக்கு அறுபது சொச்சத்தைத் தாண்டாது. எட்டு பைட் பதிலாக இருந்தாலும் மூன்று பைட் பதிலாக இருந்தாலும் அதே அறுபதுதான். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பைனரிக்கு மாற்றினாலும் எண் அசையாது. டிரைவர் அமைப்பில் அந்த 16-ஐ 1 ஆக்கினால் போதும். அல்லது ஒவ்வொரு முறையும் கேட்பதை விட்டு, "தொடர்ந்து அனுப்பு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வருவதைப் படித்துக்கொள்ளலாம். வடிவத்தை மாற்றும் முன் இதைத்தான் முதலில் அளந்து பாருங்கள்.

மோட்பஸ்

மோட்பஸ்ஸை 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.-களுக்காக (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கணினிகள்) உருவாக்கியது. எண் போட்ட தபால் பெட்டிகளின் வரிசை போலக் கருவி தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் 16 பிட் எண் ஒன்று. அந்தப் பெட்டிக்குப் பெயர் ரெஜிஸ்டர். படி, எழுது, இவ்வளவுதான் பேச்சு.

ஒரு சட்டகத்தை, அதாவது ஒரு முழுச் செய்தியை, பிரித்துப் பார்ப்போம். முகவரி 1-இல் இருக்கும் கருவியிடம், 0-ஆவது ரெஜிஸ்டரிலிருந்து ஒரு ரெஜிஸ்டர் படிக்க வேண்டும். அனுப்ப வேண்டிய எட்டு பைட்டுகள் தசமத்தில்: 1, 3, 0, 0, 0, 1, 132, 10. முதல் 1 கருவியின் முகவரி. 3 என்பது படிக்கும் செயல். அடுத்த இரண்டு பைட் தொடக்க எண், அதற்கடுத்த இரண்டும் எத்தனை ரெஜிஸ்டர் என்பது. கடைசி இரண்டும் சி.ஆர்.சி. சரிபார்ப்பு, வழியில் பைட் ஏதாவது கெட்டதா என்று காட்டும் எண்.

அந்தக் கடைசி பைட்டைக் கவனியுங்கள். 10. எழுத்து உலகில் அதுதான் வரி முடிவு. கருவிப் பக்கத்தில் ஒருவர், வரி முடியும்வரை படிக்கும் வழக்கமான ஃபங்ஷனையே வைத்து இதைப் படித்தார் என்றால், சட்டகம் முழுதாக வந்து சேரும். வேலை செய்கிறது என்று நிம்மதியாகிவிடுவார். இப்போது அதே கேள்வியில் ஒன்றுக்குப் பதில் பத்து ரெஜிஸ்டர் கேட்டால் பைட்டுகள் 1, 3, 0, 0, 0, 10, 197, 205. ஆறாவது பைட்டிலேயே "வரி" முடிந்துவிடும். சரிபார்ப்பு பைட் இரண்டும் அடுத்த சட்டகத்தின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து எதுவும் பொருந்தாது. பைனரியில் எந்த பைட்டும் எந்த இடத்திலும் வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அப்படியானால் இந்த பைனரி வகையான மோட்பஸ் ஆர்.டி.யூ.-வில் சட்டகம் எங்கே முடிகிறது? மௌனத்தில். மூன்றரை எழுத்து நேரம் கம்பி அமைதியாக இருந்தால் சட்டகம் முடிந்தது. 9600 பாட் ரேட்டில் அது சுமார் 4 மில்லிவினாடி. 19200-க்கு மேல் 1.75 மில்லிவினாடி என்று நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது தரநிலை. மைக்ரோகன்ட்ரோலரில் டைமர் வைத்து இதை அழகாகச் செய்யலாம். கணினியில், அதுவும் யூ.எஸ்.பி. வழியாக, இவ்வளவு நுண்ணிய நேரத்தை நம்ப முடியாது. அதனால் கணினிப் பக்க லைப்ரரிகள் எத்தனை பைட் வர வேண்டும் என்று கணக்கிட்டே படிக்கின்றன. நீங்களே எழுதுவதாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

மோட்பஸ்ஸின் பலம் அதன் அழகில் இல்லை, அதை எல்லாரும் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பி.எல்.சி., ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருள், தொடுதிரைப் பலகை, மின்மீட்டர், மோட்டார் டிரைவ் எதை எடுத்தாலும் மோட்பஸ் தெரியும். ஆர்.எஸ்.-485 இணைப்பில் ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகளைத் தொங்கவிடலாம். குறைந்த வேகத்தில் ஆயிரம் மீட்டர் தாண்டியும் போகும். மாஸ்டர் கேட்டால் மட்டும் மற்றவை பேசும் என்பதால் மோதல் இல்லை. சி.ஆர்.சி. இருப்பதால், பெரிய மோட்டார் பக்கத்தில் ஓடும் கேபிளில் பைட் கெட்டுப்போனாலும் தெரிந்துவிடும்.

தொல்லைகளும் பழக்கமானவையே. ரெஜிஸ்டர் 16 பிட். 32 பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் வைக்கும்போது எந்தப் பாதி முதலில் என்று தரநிலை சொல்லவில்லை. ஒரு தயாரிப்பாளர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி. ஆவணத்தில் 40001 என்று எழுதியிருப்பது கம்பியில் 0 என்று போகும். ஒன்று தள்ளிப் படித்துவிட்டுக் குழம்பாதவர் அரிது. ஒரே முறையில் 125 ரெஜிஸ்டருக்கு மேல் படிக்க முடியாது. எல்லாவற்றையும்விட, 17-ஆவது ரெஜிஸ்டர் வெப்பநிலையா வேகமா என்பது சட்டகத்தில் எங்கும் இல்லை. அந்த அறிவு ஒரு அட்டவணையில் மட்டும் இருக்கிறது. அட்டவணை தொலைந்தால் கருவி ஊமை.

இருந்தாலும், கருவி தொழிற்சாலைப் பேனலில் மற்ற கருவிகளோடு உட்காரப்போகிறது என்றால் விவாதமே வேண்டாம், மோட்பஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் அழகான எழுத்துக் கட்டளையை இணைக்க யாருக்கும் நேரம் இருக்காது. மேசைமேல் ஒரு கணினி, ஒரு கருவி என்றால் மோட்பஸ்ஸின் எந்தப் பலமும் உங்களுக்குப் பயன்படாது, தொல்லைகள் மட்டும் மிஞ்சும்.

சொந்த பைனரி

சி மொழியில், பல புலங்களை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் ஒன்றை எழுதி, அதை அப்படியே கேபிளில் தள்ளிவிடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரு பைட் கட்டளை எண், நான்கு பைட் மதிப்பு, மொத்தம் ஐந்து என்று நினைப்போம். பல கம்பைலர்கள் நடுவே மூன்று பைட் நிரப்பி எட்டு ஆக்கிவிடும். 8 பிட் ஏ.வி.ஆர். சில்லில் ஐந்தாகவே இருக்கும். ஒரே ஸ்ட்ரக்ட், இரண்டு பக்கமும் வேறு நீளம். பைட் வரிசையும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம். ஒவ்வொரு புலத்தையும் எந்த இடத்தில், எந்த வரிசையில் என்று கையாலேயே எழுதிப் படிப்பது சலிப்பான வேலைதான், ஆனால் செய்தாக வேண்டும்.

அடுத்தது எல்லை குறிப்பது. ஒரு தொடக்க பைட் வைத்துக்கொள்வோம் என்றால், அதே பைட் தரவுக்குள்ளும் வரும். 1988-இல் ஆர்.எஃப்.சி. 1055 என்ற இணைய ஆவணமாக வெளிவந்த ஸ்லிப் முறை, 192 என்ற பைட்டை எல்லையாக வைத்து, தரவில் 192 வந்தால் இரண்டு பைட்டாக மாற்றி அனுப்பியது. எளிது, ஆனால் தரவு முழுக்க 192 ஆக இருந்தால் நீளம் இரட்டிப்பாகிவிடும். ஸ்டூவர்ட் செஷயரும் மேரி பேக்கரும் 1990-களில் கொடுத்த கோப்ஸ் இதைவிட மேல். தரவில் பூஜ்ஜியமே இல்லாதபடி மாற்றிவிட்டு, பூஜ்ஜியத்தை எல்லையாக வைக்கிறது. கூடுதல் சுமை 254 பைட்டுக்கு ஒரு பைட்டுக்கு மேல் போகாது. கேபிளை நடுவில் பிடுங்கிச் செருகினாலும், அடுத்த பூஜ்ஜியம் வந்ததும் பெறும் பக்கம் தானே சீராகிவிடும். சொந்த பைனரி என்றால் இன்று நான் கோப்ஸ், அதற்குள் ஒரு வரிசை எண், ஒரு வகை எண், தரவு, கடைசியில் சி.ஆர்.சி., இதைத் தாண்டி எதையும் யோசிப்பதில்லை.

இயங்குதளமும் கவனிக்க வேண்டிய ஒன்று. யூனிக்ஸ் குடும்பத்தில் சீரியல் போர்ட் என்பது பழைய டெர்மினலின் வாரிசு. போர்ட்டை, பைட்டுகளைத் தொடாமல் அப்படியே கடத்தும் "ரா" நிலைக்கு மாற்றாவிட்டால், 13 என்ற பைட் 10 ஆகி வரலாம். மென்பொருள்வழி ஓட்டக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் 17, 19 என்ற பைட்டுகள் "தொடர், நிறுத்து" என்று எடுத்துக்கொள்ளப்பட்டுத் தரவிலிருந்து காணாமலே போகும். எழுத்துக் கட்டளையில் 17, 19 வருவதே இல்லை, 13 வந்தாலும் வரி முடிவாக மட்டுமே வரும் என்பதால் அங்கே யாரும் கவனிப்பதில்லை. பைனரிக்கு மாறிய அன்று, வெப்பநிலை குறிப்பிட்ட சில மதிப்புகளைத் தொடும்போது மட்டும் சட்டகம் கெடும்.

எல்லாம் சரியாக வந்தபின்னும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. கம்பியில் போவதைப் படித்துக்காட்டும் கருவி நிரலை நீங்களே எழுத வேண்டும், ஒவ்வொரு புதிய கட்டளைக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த உழைப்புக்குத் தகுந்த தரவு ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், தரவு ஓட்டம் பெரிதாக இருந்தாலும் கட்டளைகளை எழுத்தாகவே வைத்து, தரவை மட்டும் பைனரியாக அனுப்பலாம். எஸ்.சி.பி.ஐ. இதற்கு ஒரு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. ஒரு ஹேஷ் குறி, அடுத்து ஒரு இலக்கம், அந்த இலக்கம் சொல்லும் எண்ணிக்கையில் நீளம், பிறகு அத்தனை பைட் தரவு. #42000 என்று தொடங்கினால், அடுத்த நான்கு இலக்கம் நீளம், நீளம் 2,000 பைட். ஆசிலாஸ்கோப்பின் அலைவடிவம் இப்படித்தான் கணினிக்கு வருகிறது.

ஜேசன், எச்.ஐ.டி.

ஒரு வரிக்கு ஒரு ஜேசன் (பெயரையும் மதிப்பையும் ஜோடியாக எழுதும் எழுத்து வடிவம்) அனுப்புபவர்களும் உண்டு. இ.எஸ்.பி.32 போன்ற சில்லில் இடம் தாராளம், தடையில்லை. ஆர்டுயினோ உனோவில் இருக்கும் ஏ.டி.மெகா328பி-க்கு ரேம் மொத்தமே 2 கிலோபைட். அங்கே வேண்டாம்.

யூ.எஸ்.பி. எச்.ஐ.டி. என்பது விசைப்பலகை, மவுஸ் வகுப்பு. முன்பு அதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருந்தது: விண்டோஸில் டிரைவர் நிறுவாமல் வேலை செய்யும். விண்டோஸ் 10 முதல் யூ.எஸ்.பி. சீரியல் வகுப்புக்கும் டிரைவர் தானாகவே ஏறிக்கொள்கிறது என்பதால் அந்தக் காரணம் பெரிதும் கரைந்துவிட்டது. முழுவேக யூ.எஸ்.பி.-யில் எச்.ஐ.டி. ஒரு மில்லிவினாடிக்கு 64 பைட், அதாவது வினாடிக்கு 64,000 பைட் கொடுக்கும். நேரம் தவறாமல் சிறு சிறு துண்டாக வர வேண்டிய தரவுக்கு இன்றும் நல்ல தேர்வு. மற்றபடி சாதாரண டெர்மினலில் திறந்து பார்க்க முடியாது என்ற இழப்பு பெரியது.

எந்த வடிவம் என்றாலும் இவை வேண்டும்

எழுத்தா பைனரியா என்ற கேள்விக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது கட்டளைகளின் பொருளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. களத்தில் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

"ஹீட்டரை 5 டிகிரி கூட்டு" என்று ஒரு கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுப்பினீர்கள். கருவி செய்துவிட்டது. பதில் வரும் வழியில் கெட்டுப்போனது. பதில் இல்லை என்று மென்பொருள் மறுபடி அனுப்புகிறது. இப்போது 10 டிகிரி கூடிவிட்டது. கட்டளை "ஹீட்டரை 60-க்கு வை" என்று இருந்திருந்தால் எத்தனை முறை அனுப்பினாலும் 60-தான். மோட்டாருக்கும் அப்படியே, "100 படி முன்னே போ" என்பதைவிட "4200-ஆவது இடத்துக்குப் போ" நல்லது. ஒரு துளி மருந்தை விடு என்பது போல, திரும்பச் செய்யவே கூடாத கட்டளைக்கு வரிசை எண் கொடுக்க வேண்டும். கருவி கடைசியாகச் செய்த எண்ணையும் அதன் பதிலையும் நினைவில் வைத்திருக்கும். அதே எண் மறுபடி வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலை மட்டும் திருப்பிச் சொல்லும். கணினிக்குள்ளேயே இருக்கும் சேமிப்பகமான என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.-கூட 64 பைட் கட்டளை ஒவ்வொன்றிலும் ஒரு அடையாள எண்ணை வாங்கி, 16 பைட் முடிவுச் செய்தியில் அதே எண்ணைத் திருப்பித் தருகிறது. எந்தப் பதில் எந்தக் கட்டளைக்கு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

"கிடைத்தது" வேறு, "முடிந்தது" வேறு. மோட்டார் நகர எட்டு வினாடி ஆகும். "ஓகே" எப்போது வர வேண்டும்? 3டி பிரின்டர்களில் ஓடும் மார்லின் ஃபர்ம்வேரில், நகர்வுக் கட்டளைக்கு வரும் "ஓகே" வரிசையில் சேர்த்துக்கொண்டேன் என்று மட்டுமே பொருள்படும். நகர்வு முடியும்வரை காத்திருக்க எம்400 என்ற தனிக் கட்டளை இருக்கிறது. எஸ்.சி.பி.ஐ.-யில் அதற்கு ஓ.பி.சி. கேள்வி. உங்கள் கருவியிலும் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே "ஓகே"-க்கு இரண்டு பொருளும் கொடுத்தால், மென்பொருளின் டைம் அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை) எவ்வளவு வைப்பது என்பதற்குச் சரியான விடையே கிடைக்காது.

அப்புறம், மென்பொருள் திடீரென்று நின்றுபோனால் கருவி என்ன செய்யும்? ஹீட்டர் 60 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்துவிட்டது, அல்லது யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் ஹீட்டரையும் மோட்டாரையும் அணைத்துவிட்டு, அப்படிச் செய்ததை அடுத்த நிலைக் கேள்வியின் பதிலில் சொல்ல வேண்டும். அந்த நேர அளவு ஃபர்ம்வேரிலேயே, மின்சாரம் வந்த கணத்திலிருந்து இயங்க வேண்டும். மென்பொருள் வந்து இயக்கிவைக்கும் என்று விடக் கூடாது. மென்பொருள் அதைக் குறைத்துக்கொள்ள ஒரு கட்டளை கொடுங்கள். கூட்டுவதற்கோ முழுதாக நிறுத்துவதற்கோ கட்டளையே வைக்காதீர்கள்.